கோட்டக்குப்பத்துக்கு 84 எழுத்தா?

கோ, ட், ட, க், கு, ப், ப, ம். எண்ணிப் பாருங்கள், எட்டே எழுத்து. ஒருங்குறியில் கொம்பு, கால், புள்ளிக்கெல்லாம் தனி எண் என்பதால் 14 குறியீடு. சரி, அது போகட்டும். இதே பெயரை பைத்தானில் ஒரு டிக்ஷனரிக்குள் வைத்து, ஜேசனாக மாற்றித் திரையில் அடித்தால் என்ன வரும் தெரியுமா? ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு பேக்ஸ்லாஷ், ஒரு 'யு', நாலு இலக்கம். ஆறு பெருக்கல் பதினாலு, எண்பத்து நாலு. பழைய டெர்மினலில் ஒரு வரிக்கே 80 எழுத்துதான். ஆக எங்க ஊர் பேரு ஒரு வரியில் அடங்காது. அவ்வளவு பெரிய ஊரா சாமி இது?

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்திலிருந்து புதுச்சேரி எல்லை வரை உள்ள ஊர்களை வைத்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். மாநிலம், அதற்குள் மாவட்டம், அதற்குள் வட்டம், அதற்குள் ஊர். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக. ஓட்டிப் பார்த்தால் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு ஊர் குறைகிறது. எது என்று பார்க்கலாம்னு மொத்தத்தையும் பிரிண்ட் பண்ணினேன். வந்து விழுந்தது ஒரே வரி. முழுக்க பேக்ஸ்லாஷ். அடைப்புக்குறி எங்கே திறக்குது, எங்கே மூடுதுன்னு விரலை வைத்து எண்ணியே பாதி ராத்திரி போச்சு.

கடைசியில் செய்தது இரண்டே மாற்றம். இன்டென்ட் 2, என்ஷூர் ஆஸ்கி ஃபால்ஸ். அவ்வளவுதான். மறு நிமிஷம் கண்ணில் பட்டது: வானூர் வட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டிய கோட்டக்குப்பம், புதுச்சேரிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது! முந்தின சுற்றில் வைத்த மாநிலத்தின் பெயரை மாற்ற மறந்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் எங்களைப் பாண்டிச்சேரி என்று சொல்வது பழகிப்போச்சு, என் நிரலுமா? :-)

தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி ஆனது என் தப்பில்லை. டீபக் செய்யும்போது அடிக்கும் பிரிண்ட் யாருக்கு? இயந்திரத்துக்கு அது தேவையே இல்லை, அதற்குத்தான் உள்ளே இருப்பது ஏற்கெனவே தெரியுமே. அது எனக்கு. மனுஷன் படிக்கத்தான். அப்போது மனுஷன் படிக்கிற மாதிரி வருவதுதானே இயல்பான அமைப்பாக இருக்க வேண்டும்? படிக்கும்படி வேண்டுமானால் கூடுதலாக இரண்டு சொல் எழுதிக் கேள் என்பது என்ன நியாயம்?

பைத்தான் 2 காலத்துக் கொடுமை ஞாபகம் இருக்கா? தனியாக ஒரு சரத்தைப் பிரிண்ட் பண்ணினால் அழகாகத் தமிழ் வரும். அதையே ஒரு லிஸ்டுக்குள் போட்டால் பேக்ஸ்லாஷ் மழை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அதைச் சரி செய்தது. ஜேசன் விஷயத்தில் மட்டும் பழைய பழக்கம் இன்றைக்கும் தொடர்கிறது. பிஹெச்பியில் ஜேசனை அடுக்காகக் காட்டும் வசதியும், எழுத்தை எழுத்தாகவே விடும் வசதியும் 2012-ல் 5.4 பதிப்பில்தான் ஒன்றாக வந்தன. இரண்டையும் இன்னும் நாமதான் கேட்டு வாங்கணும். பெர்லின் டேட்டா டம்பரும் தமிழைக் கண்டால் எண்ணாகத்தான் துப்பும்.

நோட் ஜேஎஸ் வேறு ரகம். தமிழை ஒழுங்காகக் காட்டும், ஆனால் ஆழம் போகாது. கன்சோல் லாக் போட்டால் தமிழ்நாடு வரும், விழுப்புரம் வரும், வானூர் வரும், அதற்கப்புறம் 'ஆப்ஜெக்ட்' என்று ஒரு சதுர அடைப்பு. வண்டி வானூரோடு நின்றுவிடும். கோட்டக்குப்பம் போகணும்னா ஆழத்தைத் தனியாகச் சொல்லி டிக்கெட் வாங்கணும்.

"பழைய கருவிகள் வழியில் எழுத்தைச் சிதைத்துவிடும், ஆஸ்கிதான் பாதுகாப்பு" என்பார்கள். ஒரு காலத்தில் சரி. கணினிக்குக் கணினி அனுப்பும் ஜேசன் யுடிஎஃப்-8-ல் இருக்க வேண்டும் என்று 2017-லேயே தரவரையறை சொல்லிவிட்டது. இன்னும் என்ன பயம்?

எண் வடிவம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'கோ'வை க, ஓகாரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், க, ஏகாரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று நிரல் சொல்லும். அந்தப் பூச்சியைப் பிடிக்க எண்ணைத்தான் பார்க்கணும். அதற்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வியாதிக்குத் தினமும் மூணு வேளை மருந்தா?

இதெல்லாம் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. இந்த எரிச்சல் தாங்காமல் ஆள் என்ன செய்கிறான்? ஊர்ப் பெயரை இங்கிலீஷில் போட்டுவிடுகிறான். எங்க ஊருக்கு ஆங்கிலத்தில் ஒற்றை 'கே'யா, இரட்டை 'கே'யா என்று ஆளுக்கொரு எழுத்து. 2020 ஜூனில் தமிழக அரசே 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி அறிவித்து, சர்ச்சை கிளம்பி, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அரசாங்கத்துக்கே பிடிபடாத எழுத்துக்கூட்டலை நம்பி டேட்டாபேஸ் கட்டுவதா? தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலோடு இருக்கிற பெயரை, பிரிண்ட் அசிங்கமாக வருது என்பதற்காகத் தூக்கி எறிகிறோம். தமிழ்த் தரவு இப்படித்தான் காணாமல் போகிறது. யாரும் தடை போடவில்லை, ஒரு சோம்பேறி இயல்பமைப்பு போதும்.

கேட்பது மூன்றுதான். அடுக்குக்கு ஒரு உள்தள்ளல். எழுத்தை எழுத்தாகவே காட்டு. கேட்காமல் எதையும் மறைக்காதே. நூலகம் எழுதுகிற மகராசன்களே, உங்கள் சோதனைத் தரவில் ஒரே ஒரு தமிழ் ஊரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 84 எழுத்து வந்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

டிஸ்கி: அந்த இரண்டு மாற்றத்தையும் 'காட்டு' என்ற பெயரில் ஒரு குட்டி ஃபங்ஷனாக எழுதி எல்லா நிரலிலும் சேர்த்துவிட்டேன். மூன்றே வரி. அந்த ராத்திரித் தூக்கத்தைத்தான் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.