ஆன்லைன் பாடம் தயாரிப்பவர்களுக்கு நாமக்கல் சொல்லும் பாடம்

ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்து மாணவனை எடுத்துக் கொள்வோம். அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆகப் போகிறவன். கல்லூரியில் சொன்னார்களே என்று ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்கிறான். முதல் வாரம் ஆர்வமாகப் பார்க்கிறான். இரண்டாவது வாரம் கொட்டாவி வருகிறது. மூன்றாவது வாரம் ஆளையே காணோம். கேட்டால், "நமக்கெல்லாம் இது ஏறாதுங்க" என்கிறான்.

"இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்று எல்லோரும் தீர்ப்பு சொல்லி விடுகிறார்கள். பாடத்தைத் தயாரித்தவரை மட்டும் யாரும் கேள்வி கேட்பதில்லை!

இத்தனைக்கும் பாடத்துக்குப் பஞ்சம் இல்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல் திட்டத்தை 2003-ல் ஆரம்பித்தன. மத்திய அரசின் ஸ்வயம் 2017-ல் வந்தது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-ல், நான் முதல்வன் திட்டம் 2022-ல். 2020 கொரோனா ஊரடங்கு வந்து, கேமரா பக்கமே போகாத ஆசிரியர்களையும் வீடியோவில் பாடம் எடுக்க வைத்து விட்டது.

ஆனால் வகுப்பில் பிரமாதமாக நடத்துபவர் ஆன்லைனிலும் அப்படியே நடத்துவார் என்று சொல்ல முடியாது. வகுப்பில் முகம் தெரியும். கடைசி பெஞ்சில் ஒருவன் திருதிருவென்று முழித்தால், ஆசிரியர் நிறுத்தி வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பார். கேமரா முழிக்காது. ஆன்லைன் பாடம் தயாரிப்பவர் வளர்த்துக் கொள்ள வேண்டிய முதல் திறமை, கண்ணுக்குத் தெரியாத அந்த முகத்தைத் தெரிந்து கொள்வதுதான். நல்ல கேமரா, லைட், எடிட்டிங் சாப்ட்வேர் எல்லாம் அப்புறம்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். முதலில் நாமக்கல்லைப் பார்க்கலாம்.

நாமக்கல் உறைவிடப் பள்ளிகளை "பிராய்லர் பள்ளி" என்று கிண்டல் செய்வது பழைய கதை. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தும் வரை, பிளஸ் டூ ரிசல்ட் அன்று அந்த ஊர்ப் பெயர் பேப்பரில் பலமுறை வந்திருக்கிறது. புத்தகத்தை அப்படியே மனப்பாடம் செய்ய வைத்தார்கள் என்ற குறை நியாயமானதுதான். ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். தினமும் டெஸ்ட்! நடத்தியதை உடனே எழுத வைத்து, திருத்திக் கையில் கொடுப்பது.

இதற்கு ஆராய்ச்சியிலும் ஆதாரம் இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு பேர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ். படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவில் இருந்தது.

ஆக, மனப்பாடத்தை விட்டு விட்டு தினசரி டெஸ்டை மட்டும் எடுத்துக் கொள்ளலாம். வாரக் கடைசியில் பத்து கேள்வி என்று இல்லாமல், ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் இரண்டு கேள்வி. தவறான விடைகளைச் சும்மா கற்பனையில் எழுதக் கூடாது. பழைய விடைத்தாள் கட்டைப் பிரித்தால், மாணவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்து விடும். அந்தத் தவறுகளையே விடைகளாக வைத்து, தொட்டவுடன் ஏன் தப்பு என்று ஒரு வரி சொன்னால் போதும். பக்கத்தில் ஆசிரியர் இருப்பது போல இருக்கும்.

அடுத்தது நீளம். பிலிப் குவோவும் உடன் இருந்தவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட விவரத்தை அலசியது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரம் பொதுவாக 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. 50 நிமிட வகுப்பைக் கத்தரித்துப் போட்டாலும் பெரிய பலன் இல்லை. முதலிலேயே சிறிதாகத் திட்டமிட வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து.

மூன்றாவது உதாரணம். திருச்செங்கோடு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. கூடவே கம்ப்ரசர் லாரியும் போகும். காற்றை அழுத்தினால் ஏன் சூடாகிறது என்று தெர்மோடைனமிக்ஸ் சொல்லித் தர இதை விட நல்ல ஆரம்பம் உண்டா? லாப நஷ்டக் கணக்குக்கு நாமக்கல் முட்டை விலையும் தீவனச் செலவும் போதாதா? தெரிந்த இடத்தில் தொடங்கினால், தெரியாத இடத்துக்குத் தைரியமாக வருவான்.

எல்லாவற்றையும் விட முக்கியமான பயிற்சிக்குப் பைசா செலவில்லை. பாடத்தை வெளியிடும் முன், ஒரு மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் போனிலேயே பார்க்கச் சொல்ல வேண்டும். தயாரித்தவர் வாயைத் திறக்கக் கூடாது (இதுதான் கஷ்டம்!). எங்கே பின்னால் ஓட்டிப் பார்க்கிறான், எங்கே வேறு ஆப்புக்குத் தாவுகிறான் என்று குறித்துக் கொள்ள வேண்டும். அந்த இடங்களை மட்டும் திரும்ப எடுத்து, இன்னொரு மாணவனிடம் காட்ட வேண்டும். அப்படியே, சேலம் - நாமக்கல் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டால் குரல் புரிகிறதா என்றும் ஒரு தடவை பார்த்து விடலாம்.

பாதியில் விட்டவன் இழப்பது ஒரு சர்டிபிகேட்டை மட்டும் அல்ல. "எனக்குப் படிப்பு வராது" என்ற முடிவையும் சேர்த்து எடுத்துக் கொண்டு போகிறான். வழிகாட்ட வீட்டில் படித்தவர்கள் இல்லாதவனுக்கு, அந்த முடிவை மாற்றிச் சொல்லவும் ஆள் இல்லை. தவறு பாடத்தில் இருக்க, தண்டனை அவனுக்கு ஏன்?