வானிலிருந்து வன்னி

புதையல் என்ற சொல்லைக் கேட்டதும் செவி சாய்க்காத பிள்ளை உலகில் இல்லை. சென்ற விடுமுறைக்குக் கனடாவிலிருந்து கிளிநொச்சி வந்திருந்த எமது மருமகனும் ஒரு புதையல் விளையாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"ஒருவர் காட்டிலே ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் எல்லாருக்கும் அறிவிப்பார், மாமா. மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்கவேண்டும். நாளைக்கு இரணைமடுப் பக்கம் போய் நாங்களும் ஒன்றை ஒளித்து வைப்போமா?" என்று கேட்டான்.

இவ்விளையாட்டுத் தோன்றி அதிக காலம் ஆகவில்லை. ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர் உயரத்திற் சுழலும் அமெரிக்கச் செய்மதிகள், பூமியில் ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்ல வல்லவை. ஆயினும் பொதுமக்களுக்குக் கிடைத்த கணிப்பை அந்நாட்டரசு வேண்டுமென்றே பிழைபடச் செய்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அத்தடை நீங்கிற்று. உடனே, மே 3ஆந் தேதி, ஒறிகன் மாநிலத்துக் காடொன்றில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்துவைத்து இடத்தை அறிவித்தார். அன்று தொடங்கிய விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது.

அன்று மாலை மருமகனும் நாமும் கூகிள் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, வானிலிருந்து வன்னியைப் பார்த்தோம். கண்டி வீதியைப் பற்றித் தெற்கே சென்றால், பனிக்கன்குளம், மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று ஊர்ப் பெயரெல்லாம் குளமாகவே வருகின்றன. வில்லைப்போல் வளைந்த கோடு குளக்கட்டு. அதன் ஒருபுறம் நீர், மறுபுறம் கட்டம் கட்டமாக வயல். இவ்வளவு தெரிந்தால் போதும், பெயர் எழுதப்படாத குளத்தையும் பிள்ளைகளே கண்டுபிடித்து விடுவார்கள்.

இரணை என்றால் இரட்டை. இரணைமடுவின் இருபிரிவான வடிவத்தை மேலிருந்து பார்த்தபோது, பெயரின் பொருள் மருமகனுக்கு விளங்கிவிட்டது. ஆறுகளையும் தொடர்ந்து பார்த்தோம். இரணைமடுவுக்கு நீர் தரும் கனகராயன் ஆறு வடக்கே செல்கின்றது. முத்தையன்கட்டுக் குளத்தின் பேராறு கிழக்கே நந்திக்கடலை நாடுகின்றது. வவுனிக்குளத்தின் பாலியாறோ மேற்கே போகின்றது. ஒரே வன்னி நிலம் மூன்று திசைகளுக்கும் நீரை அனுப்புவதைப் பாடப் புத்தகத்திற் படிப்பது வேறு, கண்ணாற் காண்பது வேறு.

ஆனால், படம் என்றைக்கு எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். தை மாதத்தில் வான் பாயும் குளம் ஆவணியில் வெடித்த தரையாய்க் கிடக்கும். மர நிழலில் ஓடும் ஒற்றையடிப் பாதையை எந்தப் படமும் காட்டாது. ஆகையால் நில அளவைத் திணைக்களத்தின் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஊர்ப் பெரியவரிடம் வழி கேட்பதும் இன்றும் நன்று.

அப்பொழுதுதான், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எம் வீட்டுச் சிறுமி குறுக்கிட்டாள். "அண்ணா, காட்டிலே பெட்டி கிடந்தால் தொடக்கூடாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தவை" என்றாள்.

மருமகன் வாயடைத்துப் போனான், நாமுந்தான். ஒறிகன் காட்டிலே பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும் அதே செயல், இங்கே கையையோ காலையோ உயிரையோ பறிக்கக்கூடும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. கண்ணிவெடி தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. எமது சகோதரிகள் பலர் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி வெடிகளை அகற்றியிருக்கின்றனர். ஆயினும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைச் செய்மதிப் படம் காட்டாது. மண்ணுக்குள் இருப்பதையும் காட்டாது. வானிலிருந்து பச்சையாய்த் தெரிவதெல்லாம் கால் வைக்கத் தக்க இடம் அன்று.

ஆகவே, நாம் பெட்டி எதையும் ஒளிக்கவில்லை. பெட்டியே இல்லாமல், ஓரிடத்துக்குச் சென்று அதைப்பற்றிய கேள்விக்கு விடை காணும் வகையும் இவ்விளையாட்டில் உண்டாம். அதையே கைக்கொண்டோம். மக்கள் நாளும் நடமாடும் வீதியால் அடையக்கூடிய குளங்களை மட்டும் படத்திற் குறித்துக்கொண்டோம். துருசு எங்கே இருக்கின்றது, வான் எந்தப் பக்கம், ஊருக்கு இந்தப் பெயர் வந்தது எப்படி என்று கேள்விகளை எழுதிக்கொண்டு மறுநாட் காலையிற் புறப்பட்டோம். சிறுமிதான் வழிகாட்டி. வீதியை விட்டு ஓரடி இறங்கவும் அவள் விடவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது மருமகனுடைய கொப்பியில் நான்கு பக்கம் நிறைந்திருந்தது. முதற் பக்கத்தில் அவன் எழுதியிருந்தது குளத்தைப் பற்றியதன்று. தங்கை சொன்ன அந்த ஒரு வாக்கியமே.

வாசகர்களே, படத்தைப் பார்த்துப் பயணத்தை வகுக்க நம் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஆனால் புறப்படுமுன், அந்த மண்ணில் வாழ்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் பழக்குங்கள்.