மல்யுத்த அரங்கில் முதலிடம் யாருக்கு?

பிரீஸ்டைல் மல்யுத்தத்தில் எக்காலத்துக்கும் சிறந்தவர் யார் என்ற விவாதம், விளையாட்டு ஆர்வலர் கூடும் இடமெல்லாம் எழுவதுண்டு. முதியோர் சோவியத் ஒன்றியத்தின் அலெக்சாண்டர் மெட்வெட்டின் பெயரைச் சொல்வர். அடுத்த தலைமுறையினர் ரஷ்யாவின் புவைசர் சைத்தியேவே ஒப்பற்றவர் என்பர். இருவரும் மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்களை வென்றவர்கள். மெட்வெட் 1964, 1968, 1972ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து வென்றதோடு ஏழு முறை உலகச் சம்பியனாகவும் விளங்கினார். சைத்தியேவ் 1996இல் அற்லாண்டாவில் வென்று, 2000இல் சிட்னியில் தோற்று, 2004இலும் 2008இலும் மீண்டும் வாகை சூடினார். ஆறு உலகப் பட்டங்களும் அவருக்குண்டு.

இவர்களது பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயின், இவ்விவாதத்தில் யப்பானிய வீராங்கனை கவோரி இச்சோவின் பெயர் ஏன் அரிதாகவே ஒலிக்கின்றது என்பதுதான் எமது வினா. 2004, 2008, 2012, 2016 ஆகிய நான்கு ஒலிம்பிக் போட்டிகளிலும் அவர் தங்கம் வென்றார். எந்த விளையாட்டிலாயினும், தனிநபர் போட்டியில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதற் பெண் அவரே. உலகப் பட்டங்களோ பத்து. ரியோ இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் வலேரியா கொப்லோவாவிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்தவர், சில வினாடிகளே எஞ்சிய வேளையில் இரு புள்ளிகளைப் பெற்று வென்றார். அப்போது அவருக்கு வயது 32.

பெண்கள் மல்யுத்தம் 2004இற்றான் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. அதில் போட்டி குறைவு என்பது சிலரது வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், ஆண்களின் பதக்கங்கள் யாவும் முழுமையான களத்திலா வெல்லப்பட்டன? 1980இல் அமெரிக்காவும் யப்பானும் மொஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1984இல் சோவியத் வீரர்கள் லொஸ் ஏஞ்சல்ஸுக்குச் செல்லவில்லை. அந்த ஆண்டுகளில் வென்றோரின் தங்கத்தை எவரும் எடை குறைத்து மதிப்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் வேறு தராசு எதற்கு?

இன்னொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில், மல்யுத்தத்தை 2020 ஒலிம்பிக்கிலிருந்து நீக்குமாறு சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிர்வாக சபை பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அவ்விளையாட்டு தன் இடத்தை மீட்டது. அதற்கெனச் செய்த சீர்திருத்தங்களுள் ஒன்று, பெண்களின் எடைப் பிரிவுகளை நான்கிலிருந்து ஆறாக உயர்த்தியமை. தன்னைக் காத்துக்கொள்ளப் பெண்களை அழைத்த ஒரு விளையாட்டு, புகழைப் பங்கிடும்போது அவர்களை மறப்பது நியாயமாகாது.

சிறந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். பதின்மூன்று உலகப் பட்டங்களை வென்ற சயோரி யொஷிடாவை முன்னிறுத்துவோரும் உளர். அவ்வாதமும் வரவேற்கத்தக்கதே. ஒலிம்பிக் தங்கமே உரைகல் எனின் முதலிடம் இச்சோவுக்கே உரியது. அதனை ஏற்க மனமில்லாதோர், முதலில் தம் உரைகல் எதுவென்று சொல்லட்டும்.