டச்சு பேசிய பெண்ணின் ஆங்கிலம்

பல ஆண்டுகளுக்கு முன், இப்போது நின்றுபோய்விட்ட ஒரு சிற்றிதழுக்காக சோஜர்னர் ட்ரூத்தின் புகழ்பெற்ற சொற்பொழிவை மொழிபெயர்த்தேன். 1851 மே மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரில் கூடிய பெண்ணுரிமை மாநாட்டில் அவர் ஆற்றிய உரை அது. 'நான் பெண் இல்லையா' என்ற கேள்வி பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரும். எனக்குக் கிடைத்த ஆங்கிலப் பிரதி தென்மாநிலத் தோட்ட அடிமைகளின் கொச்சையில் அமைந்திருந்தது. அதற்கு ஈடாகக் கரிசல்காட்டுப் பேச்சு வழக்கைக் கையாண்டேன். நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கும் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

வரலாற்றாசிரியர் நெல் இர்வின் பெய்ன்டர் 1996இல் வெளியிட்ட ட்ரூத்தின் வாழ்க்கை வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் நான் செய்தது என்னவென்று புரிந்தது. ட்ரூத் தெற்கத்திப் பெண்ணே அல்லர். ஏறத்தாழ 1797இல், நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில், டச்சு மொழி பேசும் ஒரு குடும்பத்தின் அடிமையாகப் பிறந்தவர். இசபெல்லா என்பது அப்போதைய பெயர். ஒன்பது வயதளவில் ஒரு மந்தை ஆடுகளோடு சேர்த்து 100 டாலருக்கு அவரை விற்றார்கள். வாங்கிய வீட்டில் ஆங்கிலம் பேசினார்கள். இவருக்கோ டச்சு மட்டுமே தெரியும். ஏவியது புரியாததற்காகவே அடி வாங்கினார். அவருடைய ஆங்கிலம் அப்படிக் கற்றது. அதில் ஏதேனும் சாயல் இருந்திருக்குமானால் டச்சுச் சாயலாகத்தான் இருந்திருக்க முடியும்.

அப்படியானால் அந்தக் கொச்சை எங்கிருந்து வந்தது? ஆக்ரன் மாநாட்டுக்குத் தலைமை வகித்த பிரான்சஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண்மணி, உரை நிகழ்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஏப்ரலில், நினைவிலிருந்து எழுதி வெளியிட்டது அது. பல்லவியும் அவருடைய பிரதியில்தான் முதன்முதலாக வருகிறது. பதின்மூன்று குழந்தைகளைப் பெற்றதாக ட்ரூத் அதில் சொல்கிறார். உண்மையில் அவருக்குப் பிள்ளைகள் ஐவர். மாநாடு முடிந்த சில வாரங்களிலேயே, 1851 ஜூன் 21 அன்று, 'ஆன்டி ஸ்லேவரி பியூகிள்' இதழில் மேரியஸ் ராபின்சன் அதே உரையை வெளியிட்டிருக்கிறார். மாநாட்டின் செயலாளர் அவர், ட்ரூத்தை அறிந்தவர். அவருடைய பிரதியில் கொச்சை இல்லை, பதின்மூன்று குழந்தைகள் இல்லை, பல்லவியும் இல்லை.

கேஜ் தீய நோக்கத்தோடு இதைச் செய்தார் என்று நான் கருதவில்லை. அவர் அடிமைமுறையை எதிர்த்தவர், பெண்ணுரிமைக்காக உழைத்தவர். ஆனால் கறுப்பினப் பெண்ணொருத்தி மேடையேறினால் எப்படிப் பேசுவாள், எவ்வளவு துயரம் சுமந்திருப்பாள் என்பது பற்றி அவருக்குள் ஒரு சித்திரம் முன்பே இருந்தது. காதில் கேட்டதை அந்தச் சித்திரம் அழித்துவிட்டது. கரிசல் வழக்கை எடுத்தாண்ட எனக்குள் இருந்ததும் அதே சித்திரம்தான். ஒடுக்கப்பட்டவர் என்றால் கொச்சையாகத்தான் பேசுவார் என்று நானும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பெல் ஹூக்ஸ் (1952-2021) தம் பத்தொன்பதாவது வயதில் எழுதத் தொடங்கி 1981இல் வெளியிட்ட முதல் பெண்ணிய நூலுக்கு இந்தப் பல்லவியையே தலைப்பாக வைத்தார். 'பெண்கள்' என்று சொல்லும்போது வெள்ளைப் பெண்களையும், 'கறுப்பர்கள்' என்று சொல்லும்போது கறுப்பு ஆண்களையும் மட்டுமே மனத்தில் கொள்ளும் பழக்கத்தை எதிர்த்த நூல் அது. வீட்டுக்குள் அடைபட்ட இல்லத்தரசி வெளியே வேலைக்குப் போனால் விடுதலை என்ற பெட்டி ஃப்ரீடனின் வாதத்தை அவர் 1984இல் எழுதிய அடுத்த நூலில் கேள்விக்குள்ளாக்கினார். அந்த இல்லத்தரசி வெளியே போனபின் அவள் வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளப் போவது யார்? தலைமுறை தலைமுறையாகப் பிறர் சமையலறையில் உழைத்தவளிடம் போய் 'உழைப்பே விடுதலை' என்று எப்படிச் சொல்வது? ஒரு வெள்ளைப் பெண்ணியவாதி ட்ரூத்தின் வாயில் வைத்த சொல்லைப் பறித்து, வெள்ளைப் பெண்ணியத்தை நோக்கியே திருப்பிவிட்டார் ஹூக்ஸ். ஆகவே 'இது ட்ரூத் சொன்னதல்ல, தூக்கி எறியுங்கள்' என்போரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வரி இன்று கறுப்பினப் பெண்களுடையது. ட்ரூத்துடையது மட்டும் அல்ல.

பேச்சு வழக்கு என்றாலே இழிவு என்ற முடிவுக்கும் இதிலிருந்து வந்துவிடக் கூடாது. இங்கேதான் ஸோரா நீல் ஹர்ஸ்டனை நினைத்துக்கொள்ள வேண்டும். முழுவதும் கறுப்பின மக்களே வாழ்ந்த ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில் ஊரில் வளர்ந்தவர். மானிடவியலை ஃப்ரான்ஸ் போவாஸிடம் பயின்றவர். தம் மக்களின் பேச்சை அவர் குறிப்பேட்டோடு போய் உட்கார்ந்து கேட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைச் சுமந்து 1860இல் அமெரிக்கக் கரையை அடைந்த 'க்ளோட்டில்டா' கப்பலில் வந்த குட்ஜோ லூயிஸ் என்ற முதியவரைச் சந்தித்து, அவருடைய வாழ்க்கையை அவருடைய பேச்சிலேயே எழுதினார். 1931இல் எழுதி முடித்த அந்த நூலைப் பொது ஆங்கிலத்தில் மாற்றித் தரும்படி பதிப்பகம் கேட்டது. ஹர்ஸ்டன் இணங்கவில்லை. 'பாரக்கூன்' என்ற அந்த நூல் அச்சேறியது 2018இல். அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்.

கேஜின் கொச்சையும் ஹர்ஸ்டனின் வழக்கும் அச்சில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று கேளாமல் எழுதியது, மற்றது கேட்டு எழுதியது. இந்த வேறுபாட்டை ரிச்சர்ட் ரைட் போன்ற பெரும் எழுத்தாளரே தவறவிட்டார் என்பதுதான் வியப்பு. ஹர்ஸ்டனின் 1937ஆம் ஆண்டு நாவலை 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரி இதழில் மதிப்பிட்ட அவர், வெள்ளையரைச் சிரிக்கவைக்கும் பழைய மேடைக் கூத்தின் தொடர்ச்சி என்று அதை ஒதுக்கினார். வெள்ளையரோடு மோதாத, ஒரு பெண் தன் மூன்று மணவாழ்க்கைகளின் வழியே தன் குரலைக் கண்டடையும் கதை அவருக்கு அரசியலாகப் படவில்லை. நிறத்தையும் வர்க்கத்தையும் அறிந்த கண்ணுக்குப் பெண் தெரியாமல் போனாள். ஹர்ஸ்டன் 1960இல் ஓர் அரசு ஆதரவு இல்லத்தில் இறந்து, அடையாளமற்ற குழியில் புதைக்கப்பட்டார். 1973இல் ஆலிஸ் வாக்கர் களை மண்டிய இடுகாட்டில் தேடிச் சென்று கல் நட்டார். விவரம் கேட்பதற்காகத் தம்மை ஹர்ஸ்டனின் மருமகள் என்று சொல்லிக்கொண்டாராம். (கல்லில் பொறித்த பிறந்த ஆண்டு பிழை: 1891 என்றிருக்க வேண்டியது 1901 ஆகிவிட்டது. வயதை மறைத்தவர் ஹர்ஸ்டனேதான்.)

கிம்பர்லே கிரென்ஷா 1989இல் உருவாக்கிய கலைச்சொல்லை இன்று எல்லோரும் மந்திரம்போல் உச்சரிக்கிறார்கள். இனம், பால், வர்க்கம் என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகும் கணக்காக அது சுருங்கிவிட்டது. அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று எளிமையானது. ஜெனரல் மோட்டார்ஸில் ஆட்குறைப்பின்போது வேலை இழந்த கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்தது. பெண்களுக்கு அங்கே வேலை உண்டு, ஆனால் வெள்ளைப் பெண்களுக்கு. கறுப்பருக்கு வேலை உண்டு, ஆனால் ஆண்களுக்கு. நிறம், பால் என்று தனித்தனியே வழக்காடலாம், இரண்டையும் சேர்த்து ஒரு புதுப் பிரிவாக்க முடியாது என்று 1976இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக்ரன் மேடையில் நின்றவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இப்போது ராபின்சனின் பிரதியை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், பொதுத் தமிழில். எழுத்தறியாத ட்ரூத்தின் உரை இதிலும் ஓர் ஆணின் கை வழியாகவே வருகிறது என்பதை மறக்கவில்லை. இருந்தாலும் இதில் தெரியும் பெண் வேறொருவர்: அழுபவர் அல்லர், நகைச்சுவையும் தர்க்கமும் உடையவர். ஒருபுறம் அடிமை, மறுபுறம் பெண், இருவரும் நெருக்க, பருந்துக்கும் வல்லூறுக்கும் இடையில் அகப்பட்டிருக்கிறான் ஆண் என்று பரிதாபப்படுகிறார். ஆணின் அறிவு ஒரு குவார்ட், பெண்ணினது ஒரு பைன்ட் என்றே வைத்துக்கொண்டாலும், அவளுடைய சிறிய பாத்திரத்தை நிரப்பிக்கொள்ள விடுவதில் என்ன நட்டம் என்று கேட்கிறார். இரண்டு பைன்ட் ஒரு குவார்ட். நம் இரண்டு உழக்கு ஓர் உரி. கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 'உழக்கு' என்று எழுதியதும் அவர் மறுபடி கரிசல்காட்டுக்கு வந்துவிடுகிறாரோ என்று சந்தேகம் எழுகிறது. இரண்டு வாரமாக அந்த வாக்கியத்திலேயே நிற்கிறேன்.