காட்டேரி என்று யாரைச் சொல்கிறீர்கள்?

‘காஞ்சனா’ எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எத்தனை முறை ஓடியிருக்கும் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். பேய்க்குப் பயந்த ராகவா லாரன்ஸ் எகிறிக் குதித்துக் கோவை சரளாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் இடத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிடும். ஆனால் ராட்டை நிற்காது. ஒரு கை சுற்றும், மறு கை இழையைப் பிடித்திருக்கும், தார்க்குச்சியில் பட்டு ஏறிக்கொண்டே இருக்கும். தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா “தார்” என்று குரல் கொடுத்தால் எழுந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சிரிப்பாள்.

தெள்ளாரில், ஆரணிப் பட்டுக்கு நெய்கிற வீடு எங்களுடையது. பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார். சேலையை முடித்துக் கொடுத்தால் கூலி. அந்தக் கூலி அப்பா கையில் வரும். தார் சுற்றியதற்கும், பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்ததற்கும், கரைக்கு நாடா தள்ளக் கூட உட்கார்ந்ததற்கும் அம்மாவுக்குத் தனியாக எதுவும் கிடையாது. அதற்கு எங்கள் வீட்டில் பெயர் ‘ஒத்தாசை’.

நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் அம்மா கேட்டுவிட்டாள். “இதுல எனக்குன்னு ஒரு ஐந்நூறு குடுங்களேன், தார் சுத்தனதுக்கு.” அப்பா பேசவில்லை. திண்ணையிலிருந்து ஆயாதான் சொன்னாள்: “முன்பணத்துக்குப் பாதிய புடிச்சிக்கினு மீதியதான் குட்த்திருக்கான். அதுலயும் பங்கு கேக்கறா பாரு, ரத்தக் காட்டேரி.”

பாதியைப் பிடித்துக்கொண்டவர் எங்களுக்கு முதலாளி. பங்கு கேட்டவள் காட்டேரி. பேய்ச் சிரிப்புப் படங்களைப் பற்றி எனக்கு இருக்கும் கோபம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மேற்கில் ரத்தம் குடிப்பவன் பெரும்பாலும் பணக்கார ஆண். 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் கார்ல் மார்க்ஸ், உழைப்பை உறிஞ்சி வாழும் மூலதனத்தை ரத்தக் காட்டேரிக்கு ஒப்பிட்டார். 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ ஒரு வேலைக்காரனின் பயணத்தில் தொடங்குகிறது. வழக்கறிஞர் அலுவலகத்து இளைஞன் ஒருவன், வாடிக்கையாளரின் சொத்துப் பத்திர வேலையாக அவர் மாளிகைக்குப் போய் மாட்டிக்கொள்கிறான். அவன் மனைவி மீனாவை நாம் மறந்துவிடுகிறோம். எல்லோருடைய நாட்குறிப்புகளையும் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கி, டிராகுலாவை வேட்டையாட வழி செய்து கொடுப்பவள் அவள். வேலை முடிந்ததும் ஆண்கள் அவளை ‘பாதுகாப்பாக’ ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்கள் மட்டும் கூடிப் பேசுகிறார்கள். அப்படி ஒதுக்கிய நாட்களில்தான் டிராகுலா அவளைக் கடிக்கிறான்.

2014இல் நியூசிலாந்திலிருந்து ‘வாட் வி டூ இன் த ஷேடோஸ்’ என்றொரு படம் வந்தது. ஒரே வீட்டில் குடியிருக்கும் ரத்தக் காட்டேரிகளைப் பற்றிய நகைச்சுவை. அதில் ஜாக்கி என்று ஒருத்தி வருகிறாள். குடும்பம் உள்ள பெண். தன் எஜமானுக்கு இரை பிடித்து வருகிறாள், ரத்தக் கறையைக் கழுவுகிறாள், சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். என்றாவது ஒருநாள் தன்னையும் கடித்துச் சாகாவரம் தருவான் என்பதுதான் அவளுக்குச் சொல்லப்பட்ட சம்பளம். நேற்று வந்த ஒருவன் அவளுக்கு முன்னால் காட்டேரியாகிவிடுகிறான். தான் ஆணாக இருந்திருந்தால் எப்போதோ கடித்திருப்பார்கள் என்று அவள் பொருமும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். பேயையும் சிரிப்பையும் வைத்துக்கொண்டு கூலியைப் பற்றிப் பேச முடியும் என்று எனக்குக் காட்டியவள் அவள்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். நாம் ரத்தம் குடிப்பதற்கு வைத்திருக்கும் சொல்லே பெண்பால். வட மாவட்டங்களில் அம்மனாகக் கும்பிடப்படும் காட்டேரியின் பெயரைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டோம். நம் பேய்ப் படங்களிலும் ஆவி பெரும்பாலும் பெண்தான். 2015இல் வந்த ‘காஞ்சனா 2’ ஒரு வேலையிடத்தில்தான் தொடங்குகிறது. டிஆர்பி சரிந்துவிட்டதால் ஒரு சேனலின் ஆட்கள் பேய் நிகழ்ச்சி எடுக்கக் கடற்கரை வீடு ஒன்றுக்குப் போகிறார்கள். டிஆர்பிக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிற வேலை எப்படிப்பட்டது என்று படம் கேட்கவில்லை. நிஜப் பேய் வந்ததும் வேலை மறந்துபோகிறது. 2018இல் வந்த இந்திப் படம் ‘ஸ்த்ரீ’ நடப்பது சந்தேரியில். சேலைக்குப் பேர்போன நெசவூர் அது. கதாநாயகன் தையற்காரன். பேய், ஆண்களைத் தூக்கிப்போய் உடைகளை மட்டும் விட்டுச்செல்கிறது. அந்தத் துணியை நெய்த கைகளைப் பற்றியதல்ல கதை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் ‘காஞ்சனா’ ஒரு திருநங்கையின் நிலம் பறிக்கப்பட்டதைக் கதையின் நடுவில் வைத்தது, சின்ன விஷயமல்ல. ஆனால் அவள் கதை தெரியவரும் முன்பு, அவள் புகுந்த உடம்பு சேலை கட்டி வளையல் போடுவதையே வேடிக்கையாக்கியது. பெண்ணின் ஆத்திரத்தைக் கேட்க வேண்டுமானால் முதலில் அவள் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவள், ராத்திரி பயத்தில் எழுப்பும் வளர்ந்த மகனுக்குக் கழிவறை வரை துணைக்குப் போகும் கோவை சரளா. அது இரவு வேலை. அதைத்தான் ராட்டை சுற்றிக்கொண்டே அம்மா பார்த்துச் சிரித்தாள்.

“சிரிப்புப் படத்தில் போய் இதையெல்லாம் தேடுவானேன்” என்பீர்கள். ஆயா அந்தச் சொல்லைப் புத்தகத்தில் படிக்கவில்லை. காலங்காலமாகக் கேட்ட கதையிலிருந்து எடுத்தாள். எதைக் கண்டு பயப்பட வேண்டும், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று கதைகள் பழக்கிவிடுகின்றன. எங்கள் ஊர்ப் பெயரே சரித்திரத்தில் ‘தெள்ளாறு எறிந்த நந்திவர்மன்’ என்று ஒரு போரை வென்ற அரசனின் பட்டத்தில்தான் நிற்கிறது. ரத்தம் சிந்த வைத்தவனுக்குப் பட்டம் உண்டு. கறை கழுவியவள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. 2019-20இன் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர்களும் துணை வேலை செய்பவர்களுமாக 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எண்ணியது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். கணக்கெடுப்பில் வேலைக்காரியாக எண்ணப்பட்டவள் கூலி நாளில் ‘ஒத்தாசை’ ஆகிவிடுகிறாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஜாக்கி வரும் காட்சிகளை போனில் போட்டு, தமிழில் சொல்லிக்கொண்டே அம்மாவுக்குக் காட்டினேன். பல்லையும் ரத்தத்தையும் பார்த்து அவள் பயப்படவில்லை. “சம்பளம் எவ்ளோ குடுக்கறான்?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். “அப்புறம் எதுக்கு அவ அங்க கீறா?” என்று கேட்டுவிட்டு, கேட்டது தன்னையே என்பதுபோல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.

பேய்ப் படம் எடுக்கிறவர்களே, அடுத்த பங்களாவைத் தேடும் முன் ஒரு தறி வீட்டுக்கு வாருங்கள். முன்பணக் கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள், பயமும் சிரிப்பும் அதிலேயே இருக்கிறது. நெய்கிற வீடுகளில் இருக்கிறவர்களே, தாருக்குக் கூலியைத் தனியாக எழுதுங்கள், அதை அவள் பெயரில் எழுதுங்கள். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் யாரையும் காட்டேரி என்று சொல்ல நான் விடுவதாக இல்லை.