உயிர்வளி என்னும் கழிவு

கல்லூரியில் மரம் நடும் விழா என்றால் கவிதைப் போட்டி ஒன்றும் உடன்வரும். தமிழ்த்துறைக்காரன் என்பதால் நடுவர் வேலை என் தலையில் விழும். வரும் கவிதைகளில் முக்கால் பங்குக்கு ஒரே கருத்துதான்: மரம் நமக்காக உயிர்வளியை வாரி வழங்குகிறது, அதை வெட்டினால் மூச்சுத் திணறி மாள்வோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை அந்த முல்லையே விஞ்சிவிட்டது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பல ஆண்டுகள் இவற்றுக்குத் தாராளமாக மதிப்பெண் இட்டவன்தான் நானும். இப்போது கை தயங்குகிறது. பிழை மாணவர்களுடையதன்று, நாம் அவர்களுக்குக் கொடுத்த சொற்களுடையது.

'ஒளிச்சேர்க்கை' என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'ஒளித்தொகுப்பு' என்கின்றன. இரண்டுமே ஒன்றுகூட்டுவதைச் சொல்பவை. ஆனால் இலைக்குள் முதலில் நிகழ்வது பிளப்பு. ஒளியை வாங்கும் பச்சையம் ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டத் தண்ணீர் உடைக்கப்படுகிறது. நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் அடங்கிய சின்னஞ்சிறு கொத்து ஒன்று இதைச் செய்து முடிக்கிறது. செடிக்கு வேண்டியவை நீரிலுள்ள எலக்ட்ரான்களும் ஹைட்ரஜன் அயனிகளுமே. மிஞ்சிய ஆக்சிஜனில் தன் சுவாசத்துக்குப் போக எஞ்சியதை அது வெளியே விடுகிறது. கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் 'சேர்க்கை' அதற்குப் பிறகுதான். வெளிவரும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதன்று, நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941இல் ரூபன், கேமன் குழுவினர் கனமான ஆக்சிஜன் அணுக்கள் கலந்த நீரைக் கொண்டு காட்டினர்.

ஆக, கொடை என்று நாம் பாடுவது கழிவு. அதுவும் ஒரு காலத்தில் நஞ்சான கழிவு. நீரைப் பிளக்கும் வித்தையை முதலில் கற்றவை செடிகளல்ல, சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். அவை வெளியிட்ட ஆக்சிஜன் கடலில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக்கிப் படியவைத்ததில் பெரும்பங்கு வகித்திருக்க வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளில் அந்தச் செவ்வரிப் பாறைகளை இன்றும் காணலாம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றிலும் சேரத் தொடங்கியது. ஆக்சிஜனையே அறியாமல் வாழ்ந்த உயிர்களுக்கு அது பேரழிவு. அவ்வகை உயிர்கள் இன்று சேற்றின் அடியிலும் மாட்டின் இரைப்பையிலும் ஒளிந்து வாழ்கின்றன. 'உயிர்வளி' என்ற அழகான சொல்லை அவற்றிடம் சொன்னால் என்ன நினைக்கும்?

அந்தப் பழங்காலம் இலைக்குள்ளும் எஞ்சியிருக்கிறது. கரியமில வாயுவைப் பற்றும் ரூபிஸ்கோ என்னும் நொதி, இன்றும் இடையிடையே ஏமாந்து ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜன் அரிதாயிருந்த காலத்தில் உருவானதால் இரண்டையும் பிரித்தறியும் தேவை அதற்கு அன்று இருக்கவில்லை என்பது பரவலான விளக்கம். எனக்கு எந்த வள்ளல் உவமையையும்விட இது பெரிய கவிதை.

சொல்லாராய்ச்சிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அமேசான் காடுகள் எரிந்த 2019இல், உலகின் ஆக்சிஜனில் 20 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது என்று எங்கும் பேசினார்கள். அது பிழை. முதிர்ந்த காடு தான் வெளியிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ முழுவதையும் தன் சுவாசத்திலும் சருகு மட்குவதிலும் செலவழித்துவிடுகிறது. காற்றிலுள்ள 21 விழுக்காடு, மட்காமல் மண்ணுக்கடியில் புதைந்துபோன கரிமத்துக்கு ஈடாகக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த மிச்சம். அமேசான் முழுதும் அழிந்தாலும் நமக்கு மூச்சு முட்டாது. மழை குறையும், மரத்தில் அடங்கியிருந்த கரிமம் காற்றுக்குத் திரும்பி வெப்பத்தைக் கூட்டும், எண்ணற்ற உயிரினங்கள் போகும். பொய்க் காரணம் சொல்லி மரத்தைக் காத்தால், அந்தப் பொய் வெளிப்படும் நாளில் கோடரிக்காரனுக்கு நாமே வாதம் எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

இவ்வாண்டுப் போட்டிக்குத் தலைப்புக் கேட்டார்கள். 'கழிவு' என்று எழுதிக் கொடுத்தேன். விழாவுக்குப் பொருந்தாது என்று மாற்றிவிட்டார்கள்.