பொதுவில் போட்டால் பொதுச் சொத்தா?

"பொதுவில் போட்டதுதானே, எடுத்துக்கொண்டால் என்ன தப்பு?" என்று இப்போது மெத்தப் படித்தவர்களே கேட்கிறார்கள். இணையத்தில் மனிதர்கள் தங்கள் நோய், துக்கம், வீட்டுக் கஷ்டம் பற்றி எழுதுவதைக் கேட்காமல் எடுத்து ஆய்வுக் கட்டுரையில் சேர்க்கிறவர்களைத்தான் சொல்கிறேன். தப்புதான் என்பது என் கட்சி.

எங்கள் ஓய்வூதியர்களில் ஒருவரின் மனைவிக்கு மறதி நோய். கணவர் பெயரே நினைவில் இல்லாத அந்த அம்மாளை எப்படிக் குளிப்பாட்டுகிறார், எப்படிச் சோறூட்டுகிறார் என்று அவர் முகநூலில் அவ்வப்போது எழுதுவார். எழுதினால் நெஞ்சுப் பாரம் குறைகிறது என்பார். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் படித்து ஆறுதல் சொல்வோம். சென்ற ஆண்டு ஒரு தமிழ் ஆய்வேட்டில் அவருடைய வாக்கியங்கள் அப்படியே வந்திருந்தன. பெயர் இல்லை, "புதுவையைச் சேர்ந்த முதியவர்" என்று மட்டும் இருந்தது. ஆனால் அதில் ஒரு வரியை எடுத்து இணையத்தில் தேடினால் அவருடைய பக்கம், படம் எல்லாம் வந்து நிற்கிறது. மொட்டைக் கடுதாசியில் பெயரை அடித்துவிட்டுக் கையெழுத்தை விட்டுவைத்த கதைதான்.

கணவர் மட்டும் எழுதலாமா என்று கேட்பீர்கள். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர் தெரிந்தவர்களிடம் சொல்லி அழுதார். அது அந்த வீட்டுக் கணக்கு. அந்த அம்மாளின் அந்தரங்கத்தை அட்டை போட்டு நூலகத்தில் வைக்க ஆய்வாளருக்கு யார் உரிமை கொடுத்தது? அவரிடம் கேட்டிருந்தால் அவர் சம்மதித்திருக்கவும் கூடும். கேட்கவே இல்லை என்பதுதான் வருத்தம்.

பெயரை நீக்கினால் போதும் என்பது வெறும் நம்பிக்கை. அமெரிக்காவில் சமூகவியல் ஆய்வாளர்கள் ஒரு கல்லூரியின் சுமார் 1,700 மாணவர்களுடைய முகநூல் விவரங்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி 2008ல் வெளியிட்டார்கள். கல்லூரியின் பெயரையும் மறைத்திருந்தார்கள். தரவுக்குள் போகாமலே, அதனுடன் தந்த விளக்கக் குறிப்பிலிருந்த பாடப்பிரிவுகள் போன்ற தடயங்களைக் கொண்டே அது ஹார்வர்டு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2016ல் டென்மார்க் ஆய்வாளர்கள், துணை தேடுவோருக்கான ஓகேகியூபிட் தளத்திலிருந்து கிட்டத்தட்ட 70,000 பேருடைய வயது, ஊர், அந்தரங்க விருப்பங்கள் எல்லாவற்றையும் அவர்கள் அங்கே வைத்துக்கொண்ட பெயர்களோடு சேர்த்தே வெளியிட்டார்கள். கேட்டதற்கு வந்த பதில், "ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதானே!"

திண்ணை வழிப்போக்கர் உட்காருவதற்குத்தான். உட்கார்ந்தவர் எழுந்து போகும்போது தூணைப் பெயர்த்துக்கொண்டு போகலாமா?

நம் சட்டம் இதில் கைவிட்டுவிட்டது. 2017ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒருவர் தாமே பொதுவில் வைத்த விவரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்கிறார்கள். எடுத்துக்காட்டாகச் சொல்வதும் யாரை? இணையத்தில் தன் கருத்துகளை எழுதும்போது தன் விவரங்களைப் பொதுவில் வைத்துவிட்ட ஒரு பெண்மணியை! அதாவது நம்மைப் போன்றவர்களை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கம் பார்ப்பது பழக்கம். அங்கே தனி வாழ்க்கைக்கு மரியாதை என்பது 1970லேயே சிவில் சட்டத்தில் ஏறிவிட்டது. தரவுச் சட்டம் 1978ல் வந்தது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியச் சட்டத்தில் ஆய்வுக்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் பொதுவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு விவரம் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை.

சட்டம் கிடக்கட்டும். அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது அரிச்சுவடிப் பாடம். கவுண்டரில் நின்று ஒருவர் தன் கஷ்டத்தை உரக்கத்தான் சொல்வார். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும். அதனால் அது பொதுவாகிவிட்டது என்று நான் ஊருக்கெல்லாம் எழுதிப் போடலாமா? அவர் சொன்னது அந்த மனுவுக்காக. வேறு வேலைக்கு அதை எடுப்பதானால் அவரிடம் மறுபடி கேட்க வேண்டும்.

"ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை யாரைக் கேட்டு அச்சிட்டார்கள்?" என்று ஒரு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். பிள்ளை இறந்தது 1761ல். நாட்குறிப்பு பிறர் கவனத்துக்கு வந்தது 1846ல். ஆங்கிலத்தில் அதன் முதல் தொகுதி வெளிவந்தது 1904ல். துய்ப்ளேக்ஸும் அவர் மனைவியும் தலை குனிந்து தெருவில் நடக்க வேண்டிய நிலைமை அப்போது இல்லை. காலம் கடந்த ஏடு வேறு, பக்கத்துத் தெருவில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற அம்மாள் வேறு.

ஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறதி நோயாளிகளைப் பராமரிக்கிறவர்கள் எழுதுவதிலிருந்து மருத்துவர்கள் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. அமைச்சர்கள் பொதுவில் பேசியதை எடுத்தாளவும் யாருடைய அனுமதியும் வேண்டாம். லட்சம் பேரிடம் எப்படிக் கேட்பது என்கிறார்கள். சரி, லட்சம் பேர் எழுதியதை எண்ணிக் கணக்காகச் சொல்லுங்கள், எவருடைய வாக்கியமும் வெளியே தெரியாமல். ஆனால் ஒருவருடைய வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடும்போது எதிரில் நிற்பது லட்சம் பேர் அல்ல, ஒரே ஒருவர். அவருக்கு நாலு வரி எழுதிக் கேட்க என்ன சிரமம்? பதில் வரவில்லையா, சாரத்தை மட்டும் உங்கள் சொல்லில் எழுதுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள்.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நெறியாளருக்கும் துறைத்தலைவருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நன்றி சொல்கிறார்கள். யாருடைய கண்ணீரை வைத்துப் பட்டம் வாங்குகிறார்களோ, அவருக்கு ஒரு வார்த்தை தகவல் இல்லை. இதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றால், ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதற்கு என்ன பெயர்?

உங்கள் வீடுகளில் ஆய்வு செய்கிற பேரன் பேத்திகள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். எதிர்வாதம் இருந்தால் எழுதச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். அவர்கள் எழுதுவதில் எதையாவது எடுத்தாள நேர்ந்தால் கண்டிப்பாகக் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.